குவான்சோவின் வடக்குச் சுவர்கள்

சீனாவின் பழைய பள்ளிவாசல்கள் என்றதும் கேமராவோடு எல்லோரும் போவது சியானுக்குத்தான். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் மரமும் ஓடுமாக, சீனக் கோயில் போலவே இருக்கும். கல் வளைவும் அரபு எழுத்துமாக இன்னொரு முகம் பார்க்க வேண்டுமென்றால் ஃபூஜியான் மாகாணத்துத் துறைமுக நகரமான குவான்சோவுக்கு வர வேண்டும். சியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம் பிடிக்கும்.

தூமென் தெருவில் சிங்ஜிங் பள்ளிவாசலின் கருங்கல் வாசல் தெற்குப் பார்த்து நிற்கிறது. எதிர்ப்புற நடைபாதையில் நின்று 24 மி.மீ. லென்ஸில் எடுத்தால் முழுதாக அடங்கும். கேமராவை மேலே சாய்க்காதீர்கள். வாசல் பின்னால் விழுவது போல வரும். மட்டமாகப் பிடித்து, கீழே மிஞ்சும் தெருவைப் பிறகு வெட்டிவிடலாம். குவான்சோ கடகரேகைக்குச் சற்றே வடக்கில் இருப்பதால் ஜூன் மாத நண்பகலில் வெயில் உச்சியிலிருந்து இறங்கி, வளைவின் உட்புறம் கன்னங்கரேல் என்றாகிவிடும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

வளைவைக் கடந்து முற்றத்துக்குப் போனதும் திரும்பிப் பாருங்கள். முக்கியமான அரபுக் கல்வெட்டு வாசலின் பின்புறம், வடக்குச் சுவரில் இருக்கிறது. பலர் கவனிப்பதே இல்லை. பள்ளி ஹிஜ்ரி 400-இல் (கி.பி. 1009-10) கட்டப்பட்டது, ஷிராஸைச் சேர்ந்த அகமது என்பவர் ஹிஜ்ரி 710-இல் புதுப்பித்தார் என்கிறது அது. அதில் பள்ளியின் பெயர் ‘தோழர்களின் பள்ளி’. சிங்ஜிங் என்ற பெயர் வேறொரு பள்ளியின் கல்வெட்டு இங்கே வந்து சேர்ந்ததால் ஒட்டிக்கொண்டது. பெயர்ப்பலகையை மட்டும் படம் பிடித்துப் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரியாது! சுவர் ஆண்டில் பெரும்பகுதி நிழலில்தான் இருக்கும். வளைவு வழியே தெரியும் வெளிச்சத்தை அளந்து கேமரா எழுத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி, ஒயிட் பேலன்ஸை ‘நிழல்’ என்று வையுங்கள்.

இடப்புறத் தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை, கற்சுவர்கள் மட்டுமே நிற்கின்றன. மிஹ்ராப், அதாவது மக்கா திசையைக் காட்டும் மாடம், மேற்குச் சுவரில் இருப்பதால் காலை வெயில் நேராக அடிக்கும். அதில் செதுக்கெழுத்து தட்டையாகிவிடும். 11 மணிக்கு மேல், நண்பகலுக்குச் சற்று முன்பு, வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும்போதுதான் எழுத்து புடைத்துத் தெரியும். நண்பகல் தாண்டினால் சுவர் நிழலுக்குள் போய்விடும். வெள்ளிக்கிழமை இதே நேரம் ஜும்ஆ கூடும் என்பதால் வேறு நாளில் போங்கள். இப்போது தொழுகை நடக்கும் சிறு கூடத்துக்குள் கேட்காமல் நுழையவோ, தொழுகிறவர்களைப் படமெடுக்கவோ வேண்டாம்.

மேற்குத் தெருவுக்கு நடந்தே போகலாம். சந்துகளில் செங்கல் வீடுகள், இரட்டை வால் போல நுனி பிரியும் கூரை முகடுகள். செங்கல்லில் ஓடும் கரும்பட்டைகளை அழுக்கென்று நினைத்துவிட வேண்டாம். சூளையில் பைன் கிளைச் சாம்பல் படிந்த இடம் அப்படி ஆகும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இந்தச் சிவப்பைச் சோகையாக்கிவிடும், ‘வெயில்’ என்று நிலையாக வைப்பதே மேல். கூகுள் வரைபடத்தை நம்பினால் சீன ஆயத்தொலைவு முறையால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். உள்ளூர்ச் செயலியான அமேப் சரியாகக் காட்டும். டிக்கெட், டீ எல்லாமே கைபேசிப் பணம் என்பதால் அலிபேயில் வெளிநாட்டு அட்டையை ஊரிலேயே இணைத்து வாருங்கள்.

மேற்குத் தெருவில் கையுவான் பௌத்தக் கோயில். அங்கும் பிரதான மண்டபத்தின் பின்னால் போங்கள். வடக்குத் தாழ்வாரத்தில் 16 பட்டைத் தூண்கள் இரண்டு. ஒன்றில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். கோபியர் சேலையைக் கண்ணன் கவர்ந்த கதையும் உண்டு. யுவான் அரசமரபுக் காலத்தில் இந்த ஊரில் இருந்த சிவன் கோயிலின் கற்கள், அடுத்து வந்த மிங் காலத் திருப்பணியில் இந்த பௌத்தக் கோயிலுக்கு வந்தன. இதே ஊரில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. தூண்களுக்கும் நேர் வெயில் கிடையாது, 85 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ 800. தொட்டுத் தடவியே சில உருவங்கள் மழுங்கியிருக்கின்றன, கை வைக்காதீர்கள்.