வந்தால், வந்தால்தான், வந்தாலொழிய

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு எல்சாட். அதன் பயிற்சித் தேர்வில் முதல் தடவை எனக்குக் கிடைத்தது 151. இந்தத் தேர்வில் மதிப்பெண் 120-இல் ஆரம்பித்து 180-இல் முடியும். அதாவது ஒன்றுமே தெரியாவிட்டாலும் 120 உண்டு. முப்பத்தெட்டு வயதில் அமெரிக்கச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கிளம்பியவளுக்கு அன்றைக்கு வேறு ஆறுதல் எதுவும் இல்லை.

நான் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன், வேலை நியூயார்க்கில். மெட்ரோபார்க்கில் ரயில் ஏறி உட்கார இடம் கிடைத்துவிட்டால், பென் ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு முழுப் பகுதியை முடித்துவிடலாம். ஒரு பகுதிக்கு 35 நிமிடம், கேள்விகள் இருபத்தைந்து சொச்சம். கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூடத் தேறாது.

2024 ஆகஸ்டிலிருந்து இந்தத் தேர்வில் 'லாஜிக் கேம்ஸ்' கிடையாது. ஏழு பேரை ஏழு நாற்காலியில் உட்கார வைக்கும் அந்தப் புதிர்களைப் படம் போட்டுத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. பார்வையற்றவர்கள் எப்படிப் படம் போடுவார்கள் என்று வழக்கு வந்து, 2019-இல் சமரசம் ஆகி, கடைசியில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். 'இருந்தால், இல்லாவிட்டால்' தொல்லை அதோடு ஒழிந்தது என்று நானும் நினைத்தேன். இல்லை. சின்னச் சின்ன வாதங்களைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் லாஜிக்கல் ரீசனிங் இப்போது இரண்டு பகுதி, அந்த 'இருந்தால், இல்லாவிட்டால்' எல்லாம் அங்கேதான் குடியேறியிருக்கின்றன.

தப்பான விடைகளை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே தப்பு. 'அ நடந்தால் ஆ நடக்கும்' என்று இருக்கும். அ நடக்கவில்லை என்று சொன்னதும், 'அப்படியானால் ஆவும் நடக்காது' என்று முடிவு கட்டிவிடுவேன். பதினாலு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன், எனக்கா இது தெரியாது என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, பழக்கமே அங்கிருந்துதான் வருகிறது. புரோகிராமில் 'இஃப்' எழுதினால் கீழே 'எல்ஸ்' இருக்கிறதா என்று கண் தேடும். நிபந்தனை பொய்யானால் என்ன ஆகும் என்பது அங்கே எழுதியிருக்கும். எல்சாட்டில் 'எல்ஸ்' கிடையாது. அ நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வாக்கியம் வாயே திறக்கவில்லை. காலியாக இருந்த இடத்தை நானாக நிரப்பிக்கொண்டிருந்தேன்.

இதை யோசித்தபோது அப்பா ஞாபகம் வந்தது. "கணக்குல தொண்ணூறு வாங்கினா சைக்கிள் வாங்கித் தரேன்" என்றார், எட்டாம் வகுப்பில். நான் வாங்கியது 74. சைக்கிள் வந்தது. அண்ணன் ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை, சொன்ன சொல்லை மீறிவிட்டாராம். எல்சாட் கணக்குப்படி அப்பா எதையும் மீறவில்லை. தொண்ணூறு வாங்கியிருந்து சைக்கிள் வராமல் போயிருந்தால்தான் அவர் சொல் தவறியவர்.

அப்பா "வாங்கினாத்தான் தருவேன்" என்று சொல்லியிருந்தால் அண்ணன் பக்கம் நியாயம் இருந்திருக்கும். அந்தத் 'தான்'தான் எனக்குக் கிடைத்த சாவி.

பயிற்சிப் புத்தகங்களில் போதுமான நிபந்தனை (இது நடந்தாலே மற்றது நிச்சயம்), தேவையான நிபந்தனை (இது இல்லாமல் மற்றது நடக்காது) என்று பிரித்து, அம்புக்குறி போட்டு, முன்னது இடப்பக்கம், பின்னது வலப்பக்கம் என்று பழக்குவார்கள். ஆங்கிலத்தில் 'இஃப்', 'ஒன்லி இஃப்', 'தி ஒன்லி' மூன்றும் ஒரே குடும்பத்துச் சாயலில் இருப்பதால் அவசரத்தில் எது எந்தப் பக்கம் என்று எனக்குக் குழம்பும். தமிழில் சொல்லிப் பார்த்தால் குழப்பம் இல்லை. 'வந்தால்' என்றால் இடப்பக்கம். 'வந்தால்தான்' என்றால் வலப்பக்கம். அம்மா ஊரில் "குளிச்சாத்தான் அடுப்படிக்குள்ள வரலாம்" என்பாள். அடுப்படியில் ஒருவர் நின்றால் அவர் குளித்திருக்கிறார், அது நிச்சயம். குளித்தவர்கள் எல்லாரும் அடுப்படிக்கு வந்தாக வேண்டும் என்று அம்மா சொல்லவில்லை (நான் குளித்துவிட்டு நேராக டிவி முன்னால் போய் உட்கார்ந்தவள்). குளிக்காதவர் அடுப்படியில் இருக்க மாட்டார். இப்படி இரண்டு பக்கத்தையும் மறுத்து, இடம் மாற்றிப் போடுவதுதான் காண்ட்ராபாசிட்டிவ். ஏழு வயதிலேயே இதற்கு அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், பெயர்தான் தெரியாது.

ரொம்பப் படுத்தியது 'அன்லெஸ்', அதாவது நம் 'ஒழிய'. நானே போட்டுப் பார்த்த ஒரு மாதிரி: நிதி வந்தாலொழிய பாலத்தைப் பழுது பார்க்க மாட்டார்கள். பாலத்தைப் பழுது பார்க்காவிட்டால் மீன் சந்தையை மூடிவிடுவார்கள். சந்தை மூடப்படவில்லை. எது நிச்சயம் உண்மை?

'வந்தாலொழிய பார்க்க மாட்டார்கள்' என்பதை 'வந்தால்தான் பார்ப்பார்கள்' என்று மாற்றினேன். 'தான்' வந்துவிட்டதால் நிதி வலப்பக்கம்: பழுது பார்த்தால் நிதி வந்திருக்கிறது. இனிப் பின்னாலிருந்து வரலாம். சந்தை மூடவில்லை, ஆகவே பாலத்தைப் பழுது பார்த்திருக்கிறார்கள். பார்த்திருந்தால் நிதி வந்திருக்கிறது. அவ்வளவுதான் விடை. 'நிதி வந்தால் சந்தை தப்பும்' என்று ஒரு விடை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். படித்தால் நியாயமாகவே இருக்கும், நம் ஊர் அரசியல்வாதி பேசுகிற மாதிரி. ஆனால் நிதி வந்த பிறகும் பாலம் அப்படியே கிடக்கலாம். வேலை நடந்தே தீரும் என்று யாரும் சொல்லவில்லையே.

இந்த ஒழிய-தான் மாற்றம் எல்லா 'அன்லெஸ்'ஸுக்கும் பொருந்தாது. 'மழை பெய்தாலொழிய கூட்டம் நடக்கும்' என்று தமிழில் சொன்னால் காதுக்கே ஒட்டவில்லை. 'ஒழிய'வுக்குப் பின்னால் ஒரு எதிர்மறை வேண்டும் போலிருக்கிறது. அங்கே 'மழை பெய்யாவிட்டால் கூட்டம் நடக்கும்' என்று போட்டுவிட வேண்டியதுதான். மழை பெய்தால் என்ன ஆகும்? தெரியாது. குடையோடு நடந்தாலும் நடக்கும்.

'தான்' வந்த இடத்திலெல்லாம் அம்பு போடவும் கூடாது. 'நேற்றுதான் வந்தான்' என்பதில் நிபந்தனையே இல்லை.

எல்லாக் கேள்வியையும் தமிழில் மாற்றிப் பார்த்து ஒரு வாரம் வீணாக்கினேன். 35 நிமிடத்தில் 17 கேள்விதான் முடிந்தது. இப்போது இரண்டாம் தடவை படித்தும் திசை பிடிபடாத வாக்கியத்தை மட்டும் உதட்டுக்குள் தமிழில் சொல்கிறேன். ஒரு பகுதிக்கு மூன்று, நான்கு வரும். பக்கத்து சீட்டுக்காரர்கள் நான் ஏதோ ஜெபம் செய்வதாக நினைத்திருப்பார்கள்.

போன சனிக்கிழமைப் பயிற்சியில் 162. தப்பான கேள்விகளில் மூன்று, ஒரு வாதத்தைக் கொடுத்து அதே வடிவத்தில் இன்னொன்றைத் தேடச் சொல்பவை. ஐந்து விடையும் பத்தி நீளத்துக்கு இருக்கும். அவற்றைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனிடம் போனில் சைக்கிள் விவகாரத்தை அம்பு போட்டு விளக்கினேன். "அப்ப எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கலாமே" என்கிறான்.