காந்தம் ஒட்டவில்லை

அப்பாவின் 1997 மாடல் மாருதி 800 அது. ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்ததும் இடது கதவின் கீழ் ஓரத்தில் பெயிண்ட் அம்மை போட்டது போலக் கொப்புளித்துவிட்டது. பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துப் பத்து வாரம்கூட ஆகவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த திருப்பதி காந்தத்தைக் கொண்டுபோய்க் கதவில் வைத்துப் பார்த்தேன். மேல் பாதியில் ஒட்டியது. கீழே நகர்த்தியதும் பொத்தென்று விழுந்தது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில், பெயிண்டுக்கு முன் மேடுபள்ளம் மறைக்கப் பூசும் பட்டி மட்டும்தான். கதவிலும் தளத்திலும் துருப்பிடித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைப்பதாகச் சொல்லித்தான் 1,60,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள்.

போன் செய்தால் ஓனர் எடுக்கவில்லை. கோபத்தில் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போனேன். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீதைக் கொடுத்தார்கள். “இது சிவில் மேட்டர் சார், கன்சூமர் கோர்ட்டுக்குப் போங்க” என்றார் ஏட்டு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். பெரிய கம்பெனியாக இருந்தால் பதிலாவது வந்திருக்கும், இந்தப் பட்டறை அசையவே இல்லை.

அப்புறம்தான் எதிர்வீட்டு வக்கீல் அக்காவிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “பில் இருக்கா தம்பி?” இல்லை. பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும் என்று ஓனர் சொன்னபோது நானும் தலையாட்டியிருந்தேன். அக்கா முறைத்தார். நல்லவேளை, பணம் முழுவதையும் ஜி-பேயில்தான் அனுப்பியிருந்தேன். வண்டியை எடுக்கப் போன அன்றே கதவு இடைவெளி கோணலாக இருந்தது. மீதி 40,000 தராமல் சாவி தர முடியாது என்றார் ஓனர். பார்த்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்க 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவில் இடம் இருக்கிறதாம். அன்று அது தெரியாது, எரிச்சலில் ஜி-பே குறிப்பில் “கதவு சரியில்லை, வேறு வழியில்லாமல் தருகிறேன்” என்று தட்டிவிட்டுப் பணத்தை அனுப்பினேன். அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் அக்கா முகத்தில் சிரிப்பு வந்தது.

“வண்டியை வேற எங்கயும் ரிப்பேருக்கு விட்டுடாதீங்க” என்றார். சரிசெய்துவிட்டால் சாட்சியே போய்விடும். வண்டிச் சேதத்தை மதிப்பிடும், லைசென்ஸ் உள்ள மோட்டார் சர்வேயர் ஒருவரை அழைத்து வந்தோம். 5,000 ரூபாய் கட்டணம். பெயிண்ட் கனம் அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வைத்திருந்தார். கம்பெனி பெயிண்ட் என்றால் சுமார் 100 மைக்ரான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே அதைக் கதவில் வைத்தார். 1,400 காட்டியது.

புகாரில் சைலன்சரையும் எழுதியிருந்தேன். சத்தம் கம்பீரமாக வரட்டும் என்று நானே கேட்டு மாட்டியது, ஒரு மாதத்தில் விட்டுப்போனது. அக்கா அந்தப் பத்தியையே அடித்துவிட்டார். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தப்பு, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது. “நீங்க கேட்டதே சட்டத்துக்கு விரோதம், அதுக்கு நஷ்டஈடு வேறயா?” 12,000 ரூபாய் போனது போனதுதான்.

பதினைந்து நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்பினோம். “பெற மறுப்பு” என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. எனக்குச் சப்பென்றாகிவிட்டது. அக்காவுக்கோ சந்தோஷம், வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகத்தான் கணக்கு.

பட்டறை நகரத்தின் தெற்கு ஓரத்தில், நான் இருப்பது பெரம்பூரில். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. சேவைக் குறைபாடு என்று சொல்லி, கதவுக்கும் தளத்துக்கும் கொடுத்த தொகை, சர்வேயர் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை என்று கேட்டு பார்க் டவுனில் இருக்கும் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம்.

அதற்கப்புறம் வாய்தாதான். எதிர்தரப்பு பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். நாற்பத்திநான்காவது நாள் பதில் வந்தது: பழைய வண்டி, துரு வருவது இயற்கை. அதே ஓனர் அனுப்பிய வாய்ஸ் நோட் என் போனில் இருந்தது, “சார், அஞ்சு வருஷத்துக்குத் துரு கிட்டயே வராது.” அதை எழுத்தில் பெயர்த்து வாக்குமூலத்தோடு சேர்த்தோம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எனக்குப் பதினோரு மாதம் ஆனது.

கடைசியில் அவர்கள் வக்கீலே சமரசம் பேச வந்தார். 95,000 ரூபாய், இரண்டு தவணை. வாய்ப்பேச்சோடு விடாமல் கூட்டு மனுவாகக் கொடுத்து ஆணையத்தின் உத்தரவாகவே பதிய வைத்தார் அக்கா. உத்தரவை மீறினால் நுகர்வோர் சட்டம் 72-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, இல்லையென்றால் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், இரண்டுமேகூட வரலாம். இரண்டாம் தவணை ஒரு நாள் முன்பே வந்துவிட்டது.

இப்போது வண்டி புதுப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் இருக்கிறது. பட்டி பூசும் முன், வெட்டி வைத்த தகரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். நேற்று திருப்பதி காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரிலும் போய் வந்தேன்.