குனுகேஷில் செலவு வகைகள்: மூன்றாம் முறை அடுக்கியபோது

கோலாலம்பூரில் நாலு பேர் உள்ள வீடு. இரண்டு வங்கிக் கணக்கு, ஒரு கிரெடிட் கார்டு, டச் என் கோ (டோல், பார்க்கிங் போன்றவற்றுக்கு முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் கார்டும் இ-வாலட்டும்). மென்பொருள் குனுகேஷ்: இலவசம், இரட்டைப் பதிவு (ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து போனது, எங்கே சேர்ந்தது என்று இரண்டு கணக்கில் ஏறும்). அதில் செலவு வகை என்பதும் ஒரு கணக்குதான்; 'செலவு:வாகனம்:டோல்' என்று முக்காற்புள்ளி வைத்துக் கிளை பிரியும்.

முதல் முறை அடுக்கியதில் 61 உள்வகை. சாப்பாட்டுக்கு மட்டும் பசியாறல், மதியம், இரவு, மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), தாப்பாவ் (பொட்டலம் கட்டி வாங்குவது) என்று ஐந்து. பத்தரை மணிக்கு மாமாக் கடையில் சாப்பிட்ட ரொட்டி சானாய் பசியாறலா, மாமாக் கடையா? ஒன்று நேரத்தைச் சொல்லும் வகை, மற்றது இடத்தைச் சொல்லும் வகை. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் ஒவ்வொரு பதிவிலும் இந்தத் தடுமாற்றம் வரும். ஐந்தையும் 'வெளிச் சாப்பாடு' என்று ஒன்றாக்கியாகிவிட்டது.

இணைப்பது எளிது. வேண்டாத கணக்கை டெலிட் செய்தால் அதிலுள்ள பதிவுகளை எங்கே மாற்றுவது என்று கேட்கும். அங்கே தாய்க் கணக்கைக் காட்டிவிடக் கூடாது. காட்டினால் 'உணவு' என்ற தலைப்பிலேயே தொகை ஒட்டிக்கொண்டு, எந்த உள்வகையிலும் சேராமல் அறிக்கையில் தொங்கும். தலைப்புக் கணக்கு எல்லாவற்றிலும் 'பிளேஸ்ஹோல்டர்' என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டால் அதில் யாரும் நேரடியாகப் பதிய முடியாது.

இரண்டாம் முறை அடுக்கியதில் மாட்டியது டச் என் கோ. 100 வெள்ளி (ரிங்கிட்) டாப் அப் செய்ததைச் செலவில் எழுதி, பிறகு பார்க்கிங் 4 வெள்ளியையும் எழுதினால் அந்த 4 வெள்ளி இரண்டு தடவை ஏறிவிடும். டாப் அப் செலவே இல்லை, பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது. ஆகவே சொத்தின் கீழ் கணக்குத் திறக்க வேண்டும். அதுவும் கார்டுக்கு ஒன்று, இ-வாலட்டுக்கு ஒன்று. இரண்டின் இருப்பும் வேறுவேறு.

வங்கி தரும் பரிவர்த்தனைப் பட்டியலை (சிஎஸ்வி கோப்பு) ஏற்றும்போது வேறு தொல்லை. விவரத்தில் உள்ள சொற்களை வைத்துத்தான் குனுகேஷ் வகையை ஊகிக்கிறது. 'டூயிட்நாவ் கியூஆர்' (கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் கட்டும் முறை) என்ற சொல் காய்கறிக் கடைக்கும் வரும், முடிதிருத்தகத்துக்கும் வரும். நாலு தடவை காய்கறிக்கு ஒப்புக்கொண்டால் முடிவெட்டும் 'மளிகை'க்குள் போய்விடும். டூல்ஸ் பட்டியலில் இம்போர்ட் மேப் எடிட்டரைத் திறந்து, அந்தப் பொதுச் சொற்களுக்கான பொருத்தங்களை மட்டும் நீக்கினால் சரியாகும். 'இம்பேலன்ஸ்-எம்ஒய்ஆர்' என்ற கணக்கு முளைத்திருந்தால் எங்கோ ஒரு பதிவுக்கு மறுபக்கம் இல்லை என்று பொருள். மாதக் கடைசியில் அது பூஜ்யமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் முறை அடுக்கியதில் உள்வகையைத் தீர்மானித்தது வருமான வரிப் பாரம். வாழ்க்கைமுறை விலக்கு 2,500 வெள்ளி: புத்தகம், கணினி, கைப்பேசி வாங்கிய விலை, சொந்தப் பெயரிலுள்ள இணையக் கட்டணம் எல்லாம் அதற்குள். விளையாட்டுச் சாதனங்களுக்கு 2024 வரி ஆண்டிலிருந்து தனியாக 1,000 வெள்ளி. எனவே விலக்குக்குள் வரும் இணையமும் அதில் வராத கைப்பேசி பில்லும் ஒரே வகையில் இருக்கக் கூடாது. நன்கொடையும் அப்படித்தான்: அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ரசீது ஒரு பக்கம், தைப்பூச உண்டியலும் கல்யாண மொய்யும் இன்னொரு பக்கம். ரசீதுகளை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதால் ரசீது எண்ணும் பதிவிலேயே ஏறுகிறது.

பேரங்காடி ரசீதுக்கு ஸ்பிளிட்தான் வழி: ஒரே பதிவைப் பல வகைகளுக்குப் பிரிப்பது. 86.40 வெள்ளியில் மளிகை 52.10, சலவைத்தூள் 18.90, பிள்ளையின் கதைப்புத்தகம் 15.40. இதில் கடைசி வரி மட்டும் வரி விலக்குக்குப் போகும்.

'தீபாவளி' என்று ஒரு வகை வைப்பது வீண் வேலை. முறுக்கு மாவும் புதுத்துணியும் அங்கே போய்விட்டால், அந்த மாதம் மளிகையும் துணியும் குறைந்ததுபோலத் தோன்றும். அந்தந்த வகையிலேயே பதிந்து, ஸ்பிளிட் வரியின் மெமோவில் '#தீபாவளி' என்று அடித்தால் போதும். கண்ட்ரோல் எஃப் தேடித் தரும்.

இப்போது 23 உள்வகை. மிச்சமிருப்பது கார்: காப்புறுதி 1,110, சாலைவரி 90, இரண்டும் ஒரே மாதத்தில் விழுந்து அந்த மாத அறிக்கையைக் கெடுக்கின்றன. 1,200ஐயும் 'முன்கட்டணம்' என்ற சொத்துக் கணக்கில் போட்டு, மாதம் 100 வெள்ளி தானாகச் செலவுக்கு இறங்கும்படி ஷெட்யூல் செய்தாயிற்று. முதல் தவணை அடுத்த மாதம் இறங்கும்.