10.6 வோல்ட்

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் முனையை எங்கள் கம்ப்யூட்டரின் மஞ்சள் வயரில் வைத்ததும் 10.6 என்று காட்டியது.

"அண்ணா, இஞ்ச பாருங்கோ. இதில 12 வரவேணும். 11.4-க்குக் கீழ போகக் கூடாது. மதர்போர்ட்டில பிழையில்லை, கரண்ட் குடுக்கிற பவர் சப்ளைதான்."

கொழும்பு பம்பலப்பிட்டியில் கம்ப்யூட்டர் திருத்தும் சின்னக் கடை. மூன்று நாளாக விசிறி மட்டும் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. முதலில் காட்டிய இடத்தில் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்ட் போய்விட்டது என்றார்கள். மகளின் உயர்தரப் பாடக் குறிப்புகள் எல்லாம் அதில்தான்.

இந்தக் கடைத் தம்பி முதலில் ராம் (RAM) மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். சரிவரவில்லை. அப்புறம்தான் அளந்தார். கடையிலிருந்த வேறொரு பவர் சப்ளையைக் கொழுவினார்.

ஒரு பீப். திரை வெளிச்சமானது.

அந்த எண்ணை என்னிடம் காட்டினாரே, அதுதான் மனதில் நிற்கிறது. சொன்னால் எனக்கும் விளங்கும் என்று நினைத்திருக்கிறார்.

புதியதைப் பூட்டிவிட்டு, பழையதையும் பையில் போட்டுத் தந்தார்.