பிர்கி: சுரண்டி எழுதிய சுவர்கள்

கிரேக்கத்தின் கியோஸ் தீவில், தெற்குப் பகுதியில் இருக்கும் பிர்கி என்ற ஊருக்கு ஓர் அக்டோபர் காலையில் போய்ச் சேர்ந்தேன். சதுக்கத்தில் இறங்கியதும் எந்தச் சுவரை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை. முக்கோணம், சாய்சதுரம், வட்டம் எனச் சாம்பலும் வெள்ளையுமான வடிவங்கள், பால்கனிகளின் அடிப்பக்கத்தைக்கூட விட்டுவைக்காமல், பட்டை பட்டையாக வீடுகளைச் சுற்றி ஓடுகின்றன.

தொலைவிலிருந்து வண்ணம் தீட்டியதாகத்தான் தோன்றும். விரலால் தடவிப் பார்த்தபோதுதான் வெள்ளை மேடாகவும் வழவழப்பாகவும், சாம்பல் பள்ளமாகவும் சொரசொரப்பாகவும் இருப்பது புரிந்தது. கருமணல் கலந்த காரையைப் பூசி, அதன்மேல் சுண்ணாம்பு அடித்து, ஈரம் உலர்வதற்குள் வடிவங்களைக் கீறி, வேண்டாத இடங்களில் வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். சுரண்டும் கருவி, சாப்பாட்டு மேசையில் இருக்கும் முள்கரண்டிதான்! இந்த வேலைக்கு ‘க்ஸிஸ்தா’ என்று பெயர். சுரண்டியது என்பதே அதன் பொருள். புதிதாகப் பூசிய சில வீடுகளில் கோடுகள் அச்சடித்தாற்போல் இருந்தன. எனக்கென்னவோ, ஒரு பழைய வீட்டில் விரற்கடை அளவு தப்பி, முனைகள் கூடாமல் நின்றுவிட்ட வட்டத்தைத்தான் அதிக நேரம் பார்க்கத் தோன்றியது.

இந்த அலங்காரத்துக்கு உள்ளே இருப்பது ஒரு கோட்டை. 1346 முதல் 1566 வரை தீவை ஆண்ட, இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்காரர்கள், மஸ்திஹா என்னும் பிசினைக் கடற்கொள்ளையரிடமிருந்து காப்பதற்காக, ஓரத்து வீடுகளின் பின்சுவர்களையே மதிலாக்கி, நடுவில் காவல் கோபுரத்தை நிறுத்தி இத்தகைய ஊர்களைக் கட்டினார்கள். அந்நியரைத் திணறடிக்க முட்டுச்சந்துகளும் வைத்தார்கள். அவை இன்றும் வேலை செய்கின்றன. ஒரே வளைவின் கீழ் மூன்று முறை நடந்தேன். சந்துக்கு மேலே வீட்டுக்கு வீடு பாலம்போல் நிற்கும் அந்த வளைவுகள் நிலநடுக்கத்தில் சுவர்களைத் தாங்கும் என்கிறார்கள்.

சதுக்கத்திலிருந்து ஒரு குறுகிய வளைவு வழியாக நுழைந்தால் புனித அப்போஸ்தலர் ஆலயம். செங்கல் வேலைப்பாடு நுணுக்கமான சிறிய பைசாந்தியக் கட்டடம். உள்ளே 1665-இல் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன.

திரும்பும்போது, பால்கனிகளில் சிறு தக்காளிகளைச் சரம் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கறுப்பு வெள்ளைச் சுவரின்மேல் அந்தச் சிவப்பு கண்ணைப் பறித்தது. அதன் கீழே வாசற்படியில், தட்டில் மஸ்திஹாவைக் கொட்டித் தூசியும் இலைத்துணுக்கும் பொறுக்கிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, மெல்லும்படி சைகை காட்டினார். மரத்தைக் கீறினால் வடியும் கண்ணாடி போன்ற அந்தத் துளி பல்லில் பட்டதும் பொடிந்து கசந்தது. பிறகு பைன் மரத்தின் வாசனையோடு வெண்மையாகத் திரண்டுகொண்டது. என் முகம் சுளித்ததைப் பார்த்துச் சிரித்த பாட்டி, இன்னொரு துண்டையும் கொடுத்தார்.