மின்தடை நாளில் எடுத்த படம்

கல்லூரி இறுதியாண்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து 12 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தோம். கையில் இருந்தது 18,000 ரூபாய். அதில் பாதி கேமரா, லென்ஸ் வாடகைக்கே போயிற்று. கைத்தறியை விற்றுவிட்டு, வெறும் தறிக்குழியைப் பார்த்தபடி வாழும் ஒரு பாட்டியைப் பற்றிய கதை அது. சம்பளம் கொடுத்து நடிகர்களை அழைக்க வழியில்லாததால், சோமனூருக்கு அருகே தனியாக வசிக்கும் என் அமுச்சியே (அம்மாவின் அம்மா) பாட்டியாக நடித்தார். அவருடைய ஓட்டு வீடே படப்பிடிப்புத் தளமாயிற்று. பணத்துக்குள் அடங்கும்படி எல்லாவற்றையும் திட்டமிட்டுவிட்டதாக நம்பினோம். ஒலியைப் பற்றி மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

முதல் நாள் எடுத்ததை இரவில் ஹெட்போனில் கேட்டபோதுதான் உறைத்தது. பக்கத்துத் தறிக்குடோனில் எட்டு விசைத்தறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த எங்கள் காதுகள் அதை ஒதுக்கிவிட்டுப் பேச்சை மட்டும் கேட்கப் பழகியிருந்தன. மைக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. மின்விசிறியின் இரைச்சலைப் போல ஒரே சீராக இருக்கும் ஒலியை மென்பொருளால் ஓரளவு குறைத்துவிடலாம். ஊடை நூலைக் கொண்டுசெல்லும் நாடா இருபுறமும் மோதும் அடியோ ஒவ்வொரு சொல்லின் மேலும் விழுந்து கிடந்தது; அதை நீக்க முயன்றால் அமுச்சியின் குரலும் சேர்ந்து கரைந்தது. வீட்டிலிருந்த பவானி ஜமக்காளங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம். வெறும் சுவரில் பட்டு எதிரொலித்துக்கொண்டிருந்த பேச்சு அடங்கித் தெளிவானது உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் துணியால் தடுக்க முடியாது. சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் இயங்கிய கோவை மண்ணில், அமைதியான ஓர் அறைக்காக நாங்கள் மூன்று நாட்கள் அலைந்தோம்.

டப்பிங் பேசிச் சேர்த்துவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் அமுச்சியைத் திரையின் முன் நிறுத்தி, உதட்டசைவுக்குப் பேச வைத்தால், அவருடைய பேச்சில் இருக்கும் இழுப்பும் நிறுத்தமும் போய்விடும். அந்தப் பேச்சுக்காகத்தான் இந்தப் படத்தையே எழுதினேன்.

வழி சொன்னவர் அமுச்சிதான். “ஏங்கண்ணு, வெசாலக்கெழம கரண்டு இருக்காதுன்னு பேப்பர்ல போட்டிருக்குதாமா. அன்னிக்கு ஒரு தறியும் ஓடாதே” என்றார். துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மின்தடை. வசனம் உள்ள ஏழு காட்சிகளையும் அந்த ஏழு மணி நேரத்துக்குள் முடிப்பது என்று முடிவெடுத்து, வசனமில்லாத காட்சிகளை மற்ற நாட்களுக்குத் தள்ளினோம். முந்தைய இரவே நான்கு பேட்டரிகளையும் மடிக்கணினியையும் சார்ஜ் செய்துவிட்டோம்.

விளக்கே இல்லாமல் எடுப்பது ஒருவகையில் நன்மையாகவே முடிந்தது. முதல் நாள் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/60 நொடியில் வைத்திருந்ததால், டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே கருங்கோடுகள் நகர்ந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 வைத்திருக்க வேண்டும். வியாழனன்று அந்தக் கவலையே இல்லை. காலையில் கிழக்கு ஜன்னலின் ஒளியைத் தெர்மகோல் பலகையால் முகத்துக்குத் திருப்பினோம். உச்சிப் பொழுதில் ஆசாரத்தின் (வீட்டுக் கூடத்தின்) கண்ணாடி ஓட்டின் வழியே வெயில் தூண் போல இறங்கியபோது, அதன் கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினோம். கூசிய வெளிச்சம் மென்மையாகி, அமுச்சியின் கன்னச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. எந்த வாடகை விளக்கும் எங்களுக்கு அதைத் தந்திருக்காது.

வாசலில் எடுத்த ஒரு காட்சி மட்டும் கைகூடவில்லை. ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மைக்கில் அறைந்துகொண்டே இருந்தது. மைக்கின் மேல் பஞ்சு உறை மாட்டியும் பயனில்லாததால், அந்த உரையாடலை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம்.

மூன்றரை மணிக்குக் கடைசிக் காட்சி முடிந்தது. வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அறையின் அமைதியை ஒரு நிமிடமாவது தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், எல்லோரும் அசையாமல் நின்றோம். முப்பது நொடி கூட ஆகியிருக்காது. தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அமுச்சி, “தறிச் சத்தமில்லாட்டி காதுக்கு என்னமோ மாதிரி இருக்குது கண்ணு” என்றார். ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த நண்பன் கையை உயர்த்தி என்னைப் பார்த்தான். நிறுத்த வேண்டாம் என்று சைகை காட்டினேன். கேமராவை அணைத்து வைத்திருந்ததால் அந்த வரிக்குப் படம் இல்லை. ஆகவே வெறும் தறிக்குழியைக் காட்டும் இறுதி ஷாட்டின் மேல் அவருடைய குரலை வைத்தேன்.