குளக்கரைக் குறிப்புகள்

நவம்பர் 12

அடைமழை ஓய்ந்து இன்றுதான் வெயில் முகம் காட்டியது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இந்தக் குளக்கரை முழுக்கக் கீழாநெல்லி என்றுதான் எனக்குத் தோன்றியது. வைத்தியர் ஐயா குனிந்து இரண்டு செடிகளை வேரோடு பிடுங்கி, கைக்கு ஒன்றாகக் கொடுத்தார். "இதில் எது கீழாநெல்லி?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

புரட்டிப் பார்த்தால் இரண்டிலும் இலைக்கு அடியில்தான் வரிசையாகக் காய்கள். ஒன்றில் தண்டு பச்சை. கடுகு மாதிரிக் காய், வழவழப்பாக, மெல்லிய காம்பில் தொங்குகிறது. மற்றதில் தண்டு சிவந்திருக்கிறது. காய்க்குக் காம்பே தெரியவில்லை. நகத்தால் தடவினால் சொரசொரப்பு. பச்சைத் தண்டுதான் நாம் தேடுவது. மற்றது சிவப்புக் கீழாநெல்லி. காய் பிடிக்காத இளஞ்செடியாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "காய் பிடிக்கும்வரை சும்மா இரு" என்றார்.

எந்த நோய்க்கு எவ்வளவு என்ற கேள்விக்கு இன்றும் பதில் இல்லை. நோட்டில் அதற்கென்று விட்ட இடம் காலியாகவே கிடக்கிறது.

நவம்பர் 15

வயல் வரப்பில் வெள்ளைக் கரிசலாங்கண்ணி. இலையைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கினேன். முதலில் பச்சைச் சாறுதான். ஐயா பேசிக்கொண்டிருக்கும்போதே அது விரல் ரேகைகளில் கறுக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. செடியின் அடையாளத்தைச் செடியே கையில் எழுதிவிடுகிறது. எனக்கு இந்த மாதிரிப் பாடம்தான் பிடிக்கிறது.

மஞ்சள் கரிசலாங்கண்ணி அவ்வளவு சுலபமில்லை. பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் தரையை மூடிக் கிடக்கும் மஞ்சள் பூக் கொடியைப் பலர் அதுவென்று நம்பி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காக வந்த கொடி. இலையில் மூன்று மடல் தெரிந்தால் விட்டுவிட வேண்டும். அதைக் கீரையாகக் கடைந்து சாப்பிட்டுவிட்டு உடம்பில் மாற்றம் தெரிகிறது என்று சொல்பவரையும் பார்த்திருக்கிறேன். என்ன மாற்றமோ!

நவம்பர் 16

மழை. போகவில்லை.

நவம்பர் 21

மலைக்குள் அழைத்துப் போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கே இஷ்டத்துக்கு வேர் தோண்டிக்கொண்டு வர முடியாது. "வரப்பையும் வேலியையும் முதலில் முடி" என்றார் ஐயா.

வேலியில் செங்காந்தள் பூத்திருக்கிறது. மாநில மலர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். பூ இல்லாதபோது அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இன்றைய பாடம். இலையின் நுனியே நீண்டு சுருண்டு கம்பியைப் பற்றிக்கொள்கிறது. மண்ணைக் கிளறிக் கிழங்கையும் காட்டினார்: இரண்டு கிளையாக வளைந்து கலப்பை மாதிரி இருப்பதால்தான் கலப்பைக்கிழங்கு. கொடிய நஞ்சு. காட்டுக்கிழங்கு என்று அவித்துத் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. அதிலிருக்கும் கோல்ச்சிசின் ஆங்கில மருத்துவத்தில் கீல்வாதத்துக்குக் கொடுக்கும் மருந்து. அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. கிழங்கை மறுபடி மண்ணில் புதைத்துவிட்டு, வாய்க்காலில் என் கையைத் தேய்த்துக் கழுவ வைத்தார்.

நவம்பர் 24

இன்று வீட்டுத் திண்ணையில்தான் வேலை. நிலவேம்புக் குடிநீருக்குச் சரக்கு சேர்த்தோம். டெங்குக் காலத்தில் ஊர் ஊராக ஊற்றிக் கொடுத்ததில் அதன் கசப்பு தெரியாத வீடு குறைவு. ஆனால் நிலவேம்பு மட்டுமல்ல, ஒன்பது சரக்கு: வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு ஆகியவையும் வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்த பொட்டலங்களை ஆச்சி ஒவ்வொன்றாக முகர்ந்தார். விலாமிச்சை என்று கட்டிக் கொடுத்ததும் வெட்டிவேர்தானாம். அதைத் தனியே எடுத்துத் தண்ணீர்ப் பானையில் போட்டுவிட்டார், வீணாகவில்லை.

சுக்கின் மேல்தோலைச் சீவுவது என் பங்கு. "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று ஆச்சி சொல்லிக்கொண்டே கடுக்காய்களை உடைத்துக் கொட்டையை எறிந்துகொண்டிருந்தார். அது வேறு சூரணத்துக்கு. சரக்குகளை ஒன்றிரண்டாக இடித்து, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காகும்வரை சிறுதீயில் சுண்ட வைத்தோம். பொறுமை இல்லாதவன் செய்யும் வேலை இல்லை இது. எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

நவம்பர் 30

காலையில் ஒருவர் வந்தார். கண் மஞ்சள். மடியில் நான் பறித்து வைத்திருந்த கீழாநெல்லி, அதுவும் பச்சைத் தண்டு! ஐயா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணிமையை இறக்கிப் பார்த்தார், நகம் பார்த்தார், சிறுநீர் என்ன நிறம், மலம் வெளுத்துப் போகிறதா, அரிப்பு உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்று விசாரித்தார். பிறகு ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்து வரச் சொன்னார். பித்தப்பைக் கல் அடைத்து வரும் காமாலைக்கு இலையை அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்தக் கூடாது என்பது அவர் கட்சி.

வந்தவருக்கு ஏமாற்றம். எனக்கும்தான். 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் சென்னை ஆய்வாளர்கள் எழுதியதை எடுத்துச் சொன்னேன்: நாள்பட்ட மஞ்சள்காமாலை பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது என்ற கட்டுரை. பின்னால் மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொன்னேன். "அவர்கள் பறித்தது எந்தக் கீழாநெல்லி?" என்று கேட்டார் ஐயா. விளையாட்டாகக் கேட்டாரா என்று தெரியவில்லை.

வந்தவர் எண்ணெய்ப் பண்டமும் சாராயமும் கூடாது என்ற பத்தியத்தோடு கிளம்பினார். ஸ்கேனுக்கு நாளை தென்காசி போகிறார்; கூட ஆள் இல்லாததால் நானும் போகிறேன்.